இரவு 8 மணிக்கு ஜப்பானின் நியூட்டோ வெந்நீரூற்று விடுதி, சைவ உணவு
8 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் சாப்பாடு உண்டா, 'சைவம்' என்று சொன்னால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சிக்கல்தான்.

இத்தகைய மலை விடுதிகளில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் 6 மணியையொட்டித்தான். தஸாவாகோ ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் சுமார் 50 நிமிடம். இரவில் பஸ்ஸை நம்பாதீர்கள். 5 மணிக்குள் சேருங்கள், குளித்துவிட்டே சாப்பிடலாம்.

'சைவம்' என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். மிசோ சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனின் சீவல் ஊறிய சாறு. "கட்சுவோ தாஷி வேண்டாம், கொம்பு (கடற்பாசி) தாஷி போதும்" என்று ஒரு வாரம் முன்பே ஜப்பானிய மொழியில் எழுதிக் கேளுங்கள்.

வெந்நீரூற்றில் குளிக்குமுன் வெள்ளிக் கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். கந்தக நீரில் கறுத்துப்போகும்.