மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கு முதுகில் குழாய் போட்டு நீரை வடிப்பது பலன் தருமா?

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு, முதுகு வழியாக நீரை வடிக்கலாம் என்கிறார் டாக்டர், இது வெறும் பரிசோதனையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நியூரோ ஐசியூ நர்ஸ்.

முதலில் எந்த வகைக் கசிவு என்று கேளுங்கள். மூளை ரத்தக்குழாயில் புடைத்த இடம் வெடித்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் ரத்தம் கலந்திருந்தால்தான் இந்தப் பேச்சே. பிரஷர் ஏறி மூளைக்குள் பெரிதாக ரத்தம் கட்டியிருந்தால் கீழேயிருந்து நீரை எடுப்பது ஆபத்து, மேலே இருக்கும் அழுத்தம் மூளையையே கீழே தள்ளிவிடலாம்.

வெடித்த இடத்தை கிளிப்போ காயிலோ (மெல்லிய கம்பிச்சுருள்) வைத்து அடைத்த பிறகும் நிம்மதி கிடையாது. நீரில் தங்கிய ரத்தம் சிதையச் சிதைய, நாலாம் நாள் முதல் இரண்டு வாரம் வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கலாம், நேற்று நன்றாகப் பேசியவர் இன்று ஒரு கை அசையாமல் கிடப்பார். நடுராத்திரியில் எழுப்பியாவது நாலு மணிக்கொரு தடவை நிமோடிபின் மருந்து கொடுப்பது இதற்காகத்தான். அந்த ரத்தத்தை முதுகுக் குழாய் வழியாக ஆரம்பத்திலேயே வடித்துவிட்டால் என்ன என்பதுதான் யோசனை.

பிரிட்டனில் 210 பேரிடம் நடந்த லூமாஸ் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. குழாய் போட்டவர்களுக்கு அப்படிப் பின்னால் வரும் பாதிப்பு குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தேறியதில் வித்தியாசமில்லை. அப்புறம் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடாவில் 287 பேரிடம் எர்லிடிரெய்ன் என்ற ஆய்வு: வெடித்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, மணிக்கு 5 மில்லி நீரை வடித்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் அடுத்தவர் துணை தேவைப்பட்டவர்களும் சேர்ந்து வழக்கமான சிகிச்சையில் 44.8 சதவீதம், குழாய் போட்டவர்களில் 32.6. எனக்கு இது பெரிய வித்தியாசம், ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு நல்லபடியாக முடியவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். (நம் மாகாணத்தில் தூரத்து ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றிக் கொண்டுவருவதற்குள்ளேயே அந்த 72 மணி நேரத்தில் பாதி போய்விடலாம், அது தனிக் கதை.)

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் குழாய் போடுவார்கள், அந்தப் பயம் வேண்டாம். கிருமித் தொற்றும், நீர் வேகமாக வடிவதும்தான் நிஜமான பயம். நீர் சேரும் பாட்டிலின் உயரத்தை நோயாளியின் மட்டத்துக்கு வைத்திருப்போம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கஞ்சி கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கட்டிலைத் தூக்கினால் மட்டம் மாறி நீர் கொட்டிவிடும். விபூதி பூசுவதானாலும் படுத்தபடியே பூசுங்கள், உட்கார வைக்க வேண்டுமென்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், குழாயை மூடிவிட்டு அவர்களே எழுப்புவார்கள்.