ஆதி தாளம் போட்டு ஜாஸ் கேட்கலாம்

கேள்வி: கர்நாடக வயலின் கற்றிருக்கிறேன். ஜாஸில் தொடக்க மெட்டு பிடிபடுகிறது. அதன் பிறகு ஆளுக்கொரு பக்கம் போவதுபோல் இருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சுற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டு ஓய்ந்தாலும் அதன் நீளமும் அடியில் ஓடும் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசையும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மனோதர்மம் (அந்த நேரக் கற்பனை வாசிப்பு) எல்லாம் அதன் மேல்தான். அந்த ஒரு சுற்றைக் கோரஸ் என்பார்கள்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஒலிப்பதிவான ‘சோ வாட்’ இதற்கு நல்ல பாடம். சுமார் ஒன்றரை நிமிடத்தில் சிம்பல் ‘ஜல்’லென்று விழ, டிரம்பெட் தனியே கிளம்பும். அந்த அடியையே சமமாக (முதல் அட்சரமாக) வைத்து ஆதி தாளம் போடுங்கள். ஒரு கோரஸ் 32 பார். ஒரு பாருக்கு 4 அட்சரம், ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8. ஆக 16 ஆவர்த்தனம்.

முதல் 8 ஆவர்த்தனமும் 2 கட்டை சுருதியில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். 9இலிருந்து 12 வரை அதே ஸ்வரங்கள் 2½ கட்டைக்கு ஏறும். 13இல் பழைய இடத்துக்கு இறங்கும். டிரம்பெட்டுக்கு இரண்டு கோரஸ், அடுத்து இரண்டு சாக்ஸபோன்களுக்கும் இரண்டிரண்டு, பியானோவுக்கு ஒன்று.

தம்புரா செயலியை 2 கட்டையில் ஓடவிட்டால் 9ஆம் ஆவர்த்தனத்தில் உரசும். உரசத்தான் வேண்டும். நமக்கு ஆதார ஷட்ஜம் அசையாது. இங்கே அது அசைவதுதான் சுவையே. ஒன்றிரண்டு முறை எண்ணிக் கேட்டால், அந்த ஏற்றம் வருமுன்பே காது காத்திருக்கத் தொடங்கிவிடும். ஆரம்பத்திலிருந்தே சுருதி சேரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். பதிவின்போது டேப் சற்று மெதுவாக ஓடியதால் அவற்றில் சுருதி சிறிது கூடியிருக்கும். 1990களின் மறுபதிப்புகளில்தான் அதைத் திருத்தினார்கள்.

எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் ஹை-ஹாட்டால்தான். டிரம்ஸ்காரர் காலால் மூடும் அந்த ஜோடித் தட்டு ஒவ்வொரு பாரிலும் 2, 4ஆம் அட்சரங்களில் ‘சிக்’ என்று விழும். அதைச் சமம் என்று எடுத்துக்கொண்டால் ஓர் அட்சரம் தள்ளிப்போய்விடும். காதைப் பாஸில் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வையுங்கள். தனி வாசிப்புகளின்போது அது பெரும்பாலும் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு ஜாஸ் நிகழ்ச்சியில் பாட்டு முடியுமுன்பே கைதட்டினார்கள். எப்போது தட்டலாம்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒருவர் தன் கடைசிக் கோரஸை முடிக்கும்போது தட்டலாம், அடுத்தவர் தொடங்கிவிட்டாலும் குற்றமில்லை. பாஸ் தனியாக வாசிக்கும்போது மட்டும் பேச்சைக் குறையுங்கள், அதன் ஒலி மெல்லியது. கடைசியில் மற்றவர்கள் 4 பார், டிரம்ஸ் 4 பார் என்று மாறி மாறி வரும் கட்டம் பல பாடல்களில் உண்டு. ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், மிருதங்கமும் கஞ்சிராவும் தனி ஆவர்த்தனத்தில் மாற்றிக்கொள்வதுபோல. டிரம்ஸ்காரர் சமத்தை வேண்டுமென்றே மறைப்பார். மற்றவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அங்கே கைதட்டாமல் நீங்களும் எண்ணுங்கள். அந்த மாற்றம் முடிந்ததும் தொடக்க மெட்டு திரும்ப வரும்.