லோவரைக் கழட்ட முதல் விசாவைப் பாருங்கோ

தம்பி, டெக்சாஸ் வந்து மூண்டு மாசம், ரூமில இருக்கிற பொடியன் தன்ர பழைய ஏஆர்-15 துவக்கின்ர லோவரை, அதான் ட்ரிகர் இருக்கிற கீழ்ப்பாகத்தை, கழட்டிப் புதுசாக் கலர் அடிக்கப் போறான், கூட நிண்டு செய்யட்டோ எண்டு கேட்டிருந்தீங்கள். நான் லீவில வந்து வெள்ளவத்தையில அம்மா வீட்ட இருந்து எழுதுறன், கேள்வியைச் சத்தமா வாசிச்சனான், அம்மா உடன ஜன்னலைச் சாத்திப்போட்டா. எங்களுக்குத் துவக்கெண்டால் செக்பொயின்டில ஐசி கேக்கிறவன்ர தோளில கிடக்கிற சாமான்தானே.

விசா என்னெண்டு சொல்லேல்லை நீங்கள். எச்1பி, ஸ்டூடன்ட் விசா எண்டால் துவக்கும் வைச்சிருக்கேலாது தோட்டாவும் வைச்சிருக்கேலாது, செல்லுபடியான ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி ஒண்டு ரெண்டு விலக்குத்தான். கிரீன் காட் எண்டால் அந்தத் தடை இல்லை. வெறும் அலுமினியத் துண்டுதானே எண்டு நினைக்காதேங்கோ, சீரியல் நம்பர் அதிலதான் அடிச்சிருக்கு, அங்கத்தைச் சட்டத்துக்கு அந்தத் துண்டுதான் துவக்கு. பரல், ஸ்டொக் எல்லாம் பஞ்சிகாவத்தையில வாங்கிற ஸ்பெயார் பார்ட்ஸ் மாதிரித்தான்.

கிரீன் காட் எண்டால் கேளுங்கோ. மகசீனைக் கழட்டி, சேம்பர் வெறுமையோ எண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்திட்டுத்தான் மிச்சம். கைபிடி (கிரிப்) ஸ்க்ரூவைக் கழட்டேக்க சேப்டி சுவிச்சின்ர (செலக்டர்) ஸ்பிரிங் கீழால விழும், அது பரவாயில்லை, மேல்பாகத்தோட பிணைக்கிற முன் பிவட் பின்தான் பொல்லாதது, அதுக்குள்ள கிடக்கிற ஊசி மாதிரி டிடென்ட் ஸ்பிரிங்கோட பறக்கும், நான் முதல்தரம் கழட்டேக்க பறந்தது இண்டைவரைக்கும் கராஜில கிடைக்கேல்லை, அதால உள்ள தெரியிற பெரிய பொலித்தீன் பைக்குள்ள கையை விட்டுச் செய்யுங்கோ, கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கோ. ட்ரிகர் கார்ட் பின்னைத் தட்டேக்க அடியில மரக்கட்டை குடுக்காட்டி அந்தப் பின்னைப் பிடிக்கிற லோவரின்ர ரெண்டு காதில ஒண்டு முறியும், முறிஞ்சால் லோவரே போச்சு. போல்ட்டைப் பின்னால பிடிச்சு வைக்கிற போல்ட் கட்ச்சின்ர பின்னுக்குப் பக்கத்தில டேப் ஒட்டுங்கோ, பின் தட்டுற பஞ்ச் வழுக்கிக் கீறும்.

செராகோட் எண்ட துவக்குப் பெயின்ட் அடிக்கிறதெண்டால் அசிட்டோனால எண்ணெய் போகக் கழுவோணும், அதில எச் சீரிஸ் வகை எண்டால் 250 பாரன்ஹீட்டில 2 மணித்தியாலம் சூடாக்கோணும், சோறு கறி சூடாக்கிற அவன் அடுப்பில வேண்டாம். பின் ஓட்டையளுக்குள்ள தடிப்பா அடிச்சால் பின் இறங்காது. சீரியல் நம்பரில மண்ணடிக்கவோ (சாண்ட்பிளாஸ்ட்) உரஞ்சவோ விடாதேங்கோ, அது அழிஞ்சால் பெடரல் கேஸ்.

கடையில குடுக்கிறதெண்டால் லைசன்ஸ் உள்ள கடையாப் பாருங்கோ. ஆனா முதல் விசாவைச் சொல்லுங்கோ, பிறகு மிச்சம் கதைப்பம்.