டர்ன் பேஸ்டு போர்டு கேம் ஆப்பில் 'உங்கள் முறை' நோட்டிஃபிகேஷனை எப்படி அமைப்பது?

ஆளுக்கொரு முறையாக மாறி மாறி ஆடும், ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று நேரம் கொடுக்கும் போர்டு கேம் ஆப் எழுதுகிறீர்கள். எதிராளி ஆடிய உடனேயே நோட்டிஃபிகேஷன் போக வேண்டுமா, மெயிலும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஆட்டங்கள் பலவற்றை ஒரே சமயத்தில் ஆடுகிறவன் நான், நிரலும் எழுதுகிறவன். என் பதில்: உடனே வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள்.

எதிராளி ஆடிவிட்டார் என்பது நடந்து முடிந்த விஷயம். ஆட்டம் இப்போது எனக்காக நிற்கிறதா என்பதுதான் ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். அதனால் நகர்த்தல் பதிவாகும் இடத்திலேயே புஷ் (சர்வரிலிருந்து போனுக்குப் போகும் நோட்டிஃபிகேஷன்) அனுப்பும் வேலையை வைக்காதீர்கள். 'இந்த ஆட்டம் இன்னாருக்காக இத்தனை மணியிலிருந்து காத்திருக்கிறது' என்று டேட்டாபேஸில் ஒரு வரி எழுதிவையுங்கள். சற்று நேரம் கழித்து அந்த வரியைப் பார்த்து, இன்னும் காத்திருந்தால் அனுப்பினால் போதும். அதற்குள் எதிராளி அன்டூ செய்திருக்கலாம், முறை வந்தவரே ஆடியும் முடித்திருக்கலாம். இருவரும் ஆன்லைனில் இருந்து மளமளவென்று ஆடினால் போனில் வரிசையாக வந்து விழாது. அப்போது பிரவுசர் டேப்பின் தலைப்பு மாறுவதும் ஒரு சின்ன சத்தமும் போதும். ஆனால் டேப் திறந்திருப்பதால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. என் டேப்கள் நாள் முழுக்கத் திறந்தேதான் கிடக்கும். கடைசியாக எப்போது எதையாவது தொட்டார் என்று பாருங்கள்.

லேப்டாப்பில் ஆடி முடித்த பிறகும் போனில் 'உங்கள் முறை' தொங்கிக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் வரும். ஒரே ஆட்டத்தின் பழைய அறிவிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஆப்பிளில் கொலாப்ஸ் ஐடி, ஆண்ட்ராய்டில் டேக் இருக்கின்றன. இன்னொரு சங்கதி: ஐபோன் அணைந்து கிடக்கும்போது ஆப்பிளின் சேவை ஒரு ஆப்புக்குக் கடைசி அறிவிப்பை மட்டுமே சேமித்து வைக்கும். ஐந்து ஆட்டங்களில் முறை வந்திருந்தாலும் ஒன்றுதான் வந்து சேரும். அதனால் அந்த ஒன்றிலேயே 'மேலும் 4 ஆட்டங்கள் காத்திருக்கின்றன' என்று சேர்த்துவிடுங்கள்.

எந்த ஆட்டம், யார் என்ன ஆடினார், எவ்வளவு நேரம் மிச்சம், இந்த மூன்றும் அறிவிப்பில் வேண்டும். தட்டினால் நேராக அந்தப் பலகை திறக்க வேண்டும், முகப்புப் பக்கம் திறக்கக் கூடாது. கையில் இருக்கும் சீட்டுகளை மட்டும் லாக் ஸ்கிரீனில் காட்டிவிடாதீர்கள்.

இருவர் ஆட்டத்தில் இவ்வளவுதான். பலர் ஆடும்போதுதான் தலைவலி. 7 வொண்டர்ஸ் என்ற சீட்டாட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டு எடுப்பார்கள். அங்கே ஒவ்வொருவர் எடுக்கும்போதும் சொல்வதில் பயனில்லை; புதுச் சீட்டுகள் கைக்கு வந்ததும் ஒன்று, 'மற்ற எல்லோரும் எடுத்தாயிற்று, நீங்கள்தான் பாக்கி' என்று ஒன்று, இந்த இரண்டு அறிவிப்பு போதும். ஆளை ஆடவைப்பதில் இரண்டாவதுக்கு இருக்கும் வேகம் வேறெதற்கும் கிடையாது. டெர்ரா மிஸ்டிகா என்ற போர்டு கேமில் வேறு சிக்கல். பக்கத்தில் இருப்பவர் கட்டிடம் கட்டினால், வெற்றிப் புள்ளியை விட்டுக்கொடுத்து நீங்கள் சக்தி வாங்கிக்கொள்ளலாம். 1 சக்தி என்றால் இலவசம். 3 என்றால் 2 புள்ளி போகும். ஆம், இல்லை என்ற ஒரு சொல்லுக்காக ஆட்டம் அரை நாள் நின்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? 'இலவசமென்றால் எப்போதும் வாங்கு' என்று முன்கூட்டியே அமைக்க விடுங்கள், மற்றதற்கு அறிவிப்பிலேயே இரண்டு பட்டன் வையுங்கள். தபால் அட்டையில் செஸ் ஆடிய காலத்திலேயே 'நீங்கள் இப்படி ஆடினால் என் பதில் இது' என்று சேர்த்து எழுதுகிற வழக்கம் இருந்தது. லிசெஸ், செஸ்.காம் என்ற இரண்டு செஸ் தளங்களிலும் இன்றும் அந்த வசதி உண்டு. என்னைக் கேட்டால், நோட்டிஃபிகேஷனைச் செதுக்குவதற்கு முன், இப்படிப் பதிலை முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியைச் செய்யுங்கள்.

நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதியை ஆப் திறந்ததுமே கேட்காதீர்கள். முதல் நகர்த்தலை ஆடிவிட்டு எதிராளிக்காகக் காத்திருக்கும்போது கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்கே புரியும். ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் பெட்டியை மறுபடி காட்ட முடியாது. ஆண்ட்ராய்டு 8-லிருந்து சேனல்கள், அதாவது தனித்தனியாக அணைக்கக்கூடிய அறிவிப்பு வகைகள், இருக்கின்றன. முறை, அரட்டை, விளம்பரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். விளம்பரத் தொல்லை தாங்காமல் மொத்தமாக அணைத்தவர் ஆட்டத்தையும் கோட்டைவிடுவார்.

நினைவூட்டல் ஒன்று போதும், கெடு நேரத்தில் கால்வாசி மிச்சமிருக்கும்போது. அது அவருடைய ஊரில் நள்ளிரவாக விழுந்தால், முந்தைய மாலைக்கே தள்ளிவிடுங்கள். தூங்கி எழுவதற்குள் ஆட்டம் போய்விட்டால் நினைவூட்டி என்ன பிரயோஜனம்?

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். புஷ் கிடைக்காதவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஐபோன் பிரவுசரில் ஆடுகிறவர் உங்கள் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்க்காவிட்டால் அவருக்கு வெப் புஷ் (பிரவுசர் வழியாக வரும் நோட்டிஃபிகேஷன்) போகாது. அப்படிச் சேர்த்தவருக்கே 2023-இல் ஐஓஎஸ் 16.4 வந்த பிறகுதான் கிடைத்தது. புஷ் போய்ச் சேருகிறவர்களுக்கு மெயிலை நிறுத்திவைத்து, சில மணி நேரம் கழித்தும் ஆடவில்லை என்றால் மட்டும், காத்திருக்கும் எல்லா ஆட்டங்களையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புங்கள்.