முதல் சம்பளத்தோடு நின்றுவிடுகிறார்களே?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். அடுத்த மாதம் டைலர், கைமடி (டைலருக்கு உதவியாள்), செக்கிங் வேலைகளுக்குப் புதிதாக 15 பேரைச் சேர்க்க இருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வருபவர்கள். சென்ற முறை சேர்ந்தவர்களில் பலர் முதல் சம்பளம் வாங்கிய மறுநாளே நின்றுவிட்டார்கள். இம்முறை முதல் நாள் எல்லோரையும் உட்கார வைத்து, அரை நாள் அறிமுக வகுப்பு எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் என்னென்ன சொல்ல வேண்டும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: வகுப்பு எடுங்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நின்றுபோனவர்கள் எந்த நாளில் நின்றார்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எதிர்பார்த்த தொகையும் கைக்கு வந்த தொகையும் வேறாக இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

எனவே அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியைச் சம்பளக் கணக்குக்கே ஒதுக்குங்கள். மாதம் 14,000 ரூபாய் என்று பேசிச் சேர்த்தவருக்கு, அது முழுவதும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் என்றால், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதமாக 1,680 ரூபாயும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதமாக 105 ரூபாயும் பிடித்தம் போக 12,215 ரூபாய்தான் கைக்கு வரும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, உங்கள் பங்காக நீங்கள் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி உண்டு என்பதையும் சொல்லுங்கள். முன்பு வேறு கம்பெனியில் இருந்தவரிடம் பி.எஃப். கணக்குக்கான பழைய யூஏஎன் எண்ணைச் சேரும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். புதிதாக இன்னொரு எண் போட்டுவிட்டால், பழைய பணத்துக்காக அவர் அலைய வேண்டியிருக்கும்.

மற்றவற்றை மெஷின் அருகிலேயே சொல்லிக் கொடுப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, ஊசி உடைந்தால் திட்டு விழும் என்று பயந்து புதிய டைலர் அதை மறைத்துவிடுவார். அந்த ஊசித் துண்டு குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டால் ஆர்டரே திரும்பி வரும். சூப்பர்வைசர் ஓர் உடைந்த ஊசியை எடுத்து, துண்டுகளை ஒன்றுசேர்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, புது ஊசி வாங்குவது வரை ஒருமுறை செய்து காட்டட்டும். தமிழ் தெரியாதவருக்கும் அது புரியும். இருந்தாலும் இந்தி, ஒடியா தெரிந்த பழைய தொழிலாளி ஒருவர் உடன் இருப்பது அவசியம். கட்டிங் மேசைக்குப் போகிறவருக்கு இரும்புக் கண்ணிக் கையுறையை அணிவித்த பிறகே மெஷினைத் தொட விடுங்கள்.

ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பழையவரைத் துணையாகக் கொடுங்கள். பல கம்பெனிகள் தவறுவது இந்த இடத்தில்தான். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி வாங்கித் தைப்பவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரமெல்லாம் அவருடைய வருமானத்தில் குறைகிறது. பிறகு அவர் முகம் சுளிக்காமல் எப்படிச் சொல்லித் தருவார்? அந்த ஒரு வாரத்துக்காவது அவருக்கு ஷிப்ட் சம்பளம் கொடுத்துவிடுங்கள். பதினைந்து பேரையும் ஒரே நாளில் சேர்க்காமல், திங்கட்கிழமைக்கு ஐந்து பேராகச் சேர்த்தால் துணைக்கு ஆள் கிடைப்பதும் எளிது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார், எப்படிப் புகார் செய்வது என்பதை, குழுவிலுள்ள பெண் ஒருவரே புதிய பெண்களிடம் தனியாகச் சொல்லட்டும். கழிப்பறை, குடிநீர், சாப்பாட்டு நேரம், விடுப்பு கேட்க வேண்டிய ஆள் ஆகியவற்றை முதல் நாள் காலையிலேயே காட்டிவிடுங்கள்.

முதல் சம்பளத்துக்கு முந்தைய நாள், அந்தப் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, கணக்காளரை அருகில் வைத்துக்கொண்டு சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். கணக்கில் பிழை இருந்தால் அன்றே திருத்திவிடலாம்.