சீன மொழி பேசுபவருக்கு ‘அன்டில்’ சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். மகனின் படிப்புக்காகச் சீனாவிலிருந்து வந்து எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். நிறையச் சொற்கள் தெரிந்தவர். ஆனால் ‘அன்டில்’ வந்தால் மட்டும் தடுமாறுகிறார். ‘ஐ வில் சப்மிட் தி ஃபார்ம் அன்டில் ஃப்ரைடே’ என்று பள்ளிக்கு எழுதுகிறார். இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் படுத்தேன் என்று சொல்ல ‘ஐ ஸ்லெப்ட் அன்டில் ட்வெல்வ்’ என்கிறார். ‘அன்டில்’ என்றால் ‘வரைக்கும்’ என்று விளக்கிப் பார்த்தேன், பலனில்லை. எனக்குச் சீனம் தெரியாது. எப்படிப் புரியவைப்பது?

பதில்: இரண்டு வாக்கியத்திலும் தப்பு ஒரே சொல்லில்தான். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு. அதனால் ஒரே நாளில் இரண்டையும் திருத்தப் போகாதீர்கள். நானாக இருந்தால் தூக்க வாக்கியத்தை முதலில் எடுப்பேன். பள்ளிக்கு எழுதியதில் தப்பு இருப்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், என்ன சொல்ல வந்தார் என்பதையும் ஊகித்துவிடுவார்கள். ‘ஐ ஸ்லெப்ட் அன்டில் ட்வெல்வ்’ அப்படியில்லை. இலக்கணத்தில் குறையே இல்லாத வாக்கியம், பொருள்தான் தலைகீழ். பகல் பன்னிரண்டு வரை தூங்கினார் என்று எடுத்துக்கொண்டு கேட்பவர் பேசாமல் போய்விடுவார். இதையே கிளினிக்கில் வைத்துப் பாருங்கள். மகனுக்குத் திங்கட்கிழமைதான் காய்ச்சல் வந்தது என்று சொல்ல நினைத்து ‘ஹி ஹேட் ஃபீவர் அன்டில் மண்டே’ என்றால், திங்களோடு காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டர் குறித்துக்கொள்வார்.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது? சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அவர் சொல்வது இது: ‘வோ ஷிஅர் தியன் ட்சாய் ஷுவெய்.’ தமிழ் எழுத்தில் உச்சரிப்பை ஓரளவுக்குத்தான் காட்ட முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘வோ’ என்றால் நான், ‘ஷிஅர் தியன்’ பன்னிரண்டு மணி, ‘ஷுவெய்’ தூங்குவது. நடுவில் நிற்கும் ‘ட்சாய்’தான் விஷயமே. அதற்கு நேரான உருபு நம் பேச்சில் நாள் முழுக்கப் புழங்குகிறது. ‘பன்னிரண்டு மணிக்குத்தான் தூங்கினேன்’ என்பதில் வரும் ‘தான்’ அது. எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகிவிட்டது என்ற குறிப்பை இரண்டும் ஒரே மாதிரி கொடுக்கின்றன. ‘எனக்குச் சீனம் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் தமிழ் தெரிந்ததே உங்களுக்குப் பெரிய பலம். ஆங்கிலத்தை மட்டும் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ‘ட்சாய்’ புரியச் சற்று நேரம் பிடிக்கும். நமக்கு ஒரே வரியில் புரிந்துவிடுகிறது.

அந்தச் சீன வாக்கியத்தில் எங்கேயும் ‘இல்லை’ கிடையாது. தமிழ் வாக்கியத்திலும் கிடையாது. ஆங்கிலம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பன்னிரண்டு அடிக்கும் வரை எந்த நிலை நீடித்தது என்று அது பார்க்கிறது. நீடித்தது தூங்காத நிலை. ஆகவே, ‘ஐ டிடின்ட் கோ டு பெட் அன்டில் ட்வெல்வ்.’ இதை ஒரு கோடு போட்டுக் காட்டிவிடலாம். கோட்டில் பன்னிரண்டு என்று ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்கு இடப்பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். விழித்திருந்தேன் என்பார். அந்த இடப்பக்கத்தைச் சொல்வதுதான் ‘அன்டில்’ வாக்கியம். வலப்பக்கத்தை அது கேட்பவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது.

‘நாட்... அன்டில்’ என்ற அமைப்பு அவருக்குப் புதிதாக இருக்க வாய்ப்பில்லை. சீனப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் அதை ‘ஜிதாவ்... ட்சாய்’ என்ற சீன அமைப்போடு சேர்த்தே மனப்பாடம் செய்திருப்பார்கள். ‘இட் வாஸ் நாட் அன்டில்... தட்’ என்ற சிக்கலான வடிவத்தில்கூடக் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியிருப்பார்கள். அப்படியிருந்தும் பேச்சில் ஏன் வரவில்லை? அகராதியில் ‘அன்டில்’ என்பதற்கு எதிரே இருப்பது ‘ஜிதாவ்.’ சாதாரணப் பேச்சிலோ ‘ஜிதாவ்’ பெரும்பாலும் விழுந்துவிடும், ‘ட்சாய்’ மட்டும் நிற்கும். படித்த சூத்திரம் ‘ஜிதாவ்’ என்ற சொல்லோடு கட்டப்பட்டிருப்பதால், அந்தச் சொல் வராத இடத்தில் சூத்திரமும் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே சூத்திரத்தை மறுபடி சொல்லித்தராதீர்கள். அதை ‘ட்சாய்’ பக்கம் மாற்றிக் கட்டுங்கள்.

செய்முறை எளிது. நேற்று தாமதமாக நடந்த விஷயங்களை அவரைச் சீனத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். பஸ் எப்போது வந்தது, மகன் எப்போது வீட்டுப்பாடத்தை முடித்தான், கணவர் எப்போது போனில் கூப்பிட்டார். நீங்கள் அந்த ஒரு அசையை மட்டும் காதில் வாங்கினால் போதும். ‘ட்சாய்’ கேட்டதும் கையை உயர்த்துங்கள், அவர் அதே செய்தியை ‘டிடின்ட்’ போட்டு ஆங்கிலத்தில் சொல்லட்டும். ‘தி பஸ் டிடின்ட் கம் அன்டில் எய்ட்.’ ‘ஹி டிடின்ட் ஃபினிஷ் ஹிஸ் ஹோம்வொர்க் அன்டில் டென்.’ ஒரு எச்சரிக்கை: ‘ட்சாய்’ எல்லா இடத்திலும் இதே வேலையைச் செய்யாது. ‘ட்சாய் வூ குவாய்’ என்றால் வெறும் ஐந்து டாலர்தான் என்று பொருள். நேரத்துக்குப் பின்னாலும் வினைக்கு முன்னாலும் வரும் ‘ட்சாய்’தான் நமக்கு வேண்டியது.

எதிர்ப்பக்கத்தில் ‘ஜியூ’ என்று ஒன்று இருக்கிறது. ‘தா பா தியன் ஜியூ லாய் ல’ என்றால் எட்டு மணிக்கே வந்துவிட்டார். நம் ‘ஏ’ அது. அங்கே ‘அன்டில்’ தேவையே இல்லை, ‘ஆல்ரெடி’ அல்லது ‘ஆஸ் எர்லி ஆஸ்’ போதும்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இங்கே சிக்கல் ‘அன்டில்’, ‘பை’ என்ற இரண்டுக்கும் நடுவில். நமக்கு இது எளிது: ‘வெள்ளி வரைக்கும்’ என்றால் ‘அன்டில்’, ‘வெள்ளிக்குள்’ என்றால் ‘பை’. மாண்டரினிலும் இந்த வேறுபாடு உண்டு. ஐந்து மணி வரை வேலை செய்கிறேன் என்பதற்கு ‘தாவ்’ போடுவார்கள், வெள்ளிக்குள் கொடு என்பதற்கு ‘ஜிச்சியன்’ போடுவார்கள். ஆனால் அறிவிப்புகளில் கடைசித் தேதியைச் சொல்லும்போது ‘ஜியேஜி தாவ் சிங்ச்சிவூ’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வெள்ளியோடு முடிகிறது என்று பொருள், அதில் அதே ‘தாவ்’ இருக்கிறது. படிவம், கட்டணம், பதிவு என்றெல்லாம் யோசிக்கும்போது இந்தத் தொடர்தான் மனதில் ஓடும். அதை ஆங்கிலமாக்கினால் ‘அன்டில் ஃப்ரைடே’ வந்து நிற்கிறது.

இதற்கு ‘அன்டில்’ என்ற சொல்லை விளக்கிப் பயனில்லை, அதற்கு முன்னால் வரும் வினையைப் பார்க்கப் பழக்குங்கள். வெயிட், ஸ்டே, வொர்க், ஸ்லீப், கீப் எல்லாம் நீண்டுகொண்டே போகும் செயல்கள், ‘அன்டில்’ ஏற்கும். சப்மிட், ஃபினிஷ், அரைவ், ரிப்ளை எல்லாம் ஒரு கணத்தில் முடிந்துவிடுபவை, ‘பை’ கேட்கும். நான் பாடத்தில் நூலகப் புத்தகத்தை வைத்துச் சொல்வேன். ‘யூ கேன் கீப் தி புக் அன்டில் ஃப்ரைடே. யூ மஸ்ட் ரிட்டர்ன் இட் பை ஃப்ரைடே.’ அதே புத்தகம், அதே வெள்ளி. கையில் வைத்திருப்பது நீள்கிறது, திருப்பிக் கொடுப்பது ஒரு நொடி. இந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் இதன் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முடிந்துவிடும் வினைக்கும் ‘நாட்’ சேர்த்தால் ‘அன்டில்’ பொருந்திவிடும் என்பதை அவர் ஏற்கெனவே பஸ் வாக்கியத்தில் பார்த்திருப்பார். பஸ் வருவது ஒரு கணம், வராமல் இருப்பது நீள்கிறது.

‘பை’ பிடிபட்டதும் அவர் ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்று எழுதத் தொடங்கலாம், ஏனென்றால் ‘ஜிச்சியன்’ என்பதன் நேர்ப்பொருள் அதுதான். ஆங்கிலத்தில் ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி சேராது, வியாழனோடு கதவு அடைத்துவிடும். ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேரும். இந்த எல்லைக் குழப்பம் எந்த மொழிக்கும் உண்டு. 2021 முதல் நடப்பில் இருக்கும் சீனாவின் சிவில் சட்டத் தொகுப்புகூட அதன் 1259-ஆம் பிரிவில், ‘ஈநெய்’ (இதற்குள்) போன்ற சொற்கள் அந்த எண்ணையும் சேர்த்தே குறிக்கும் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறது. சட்டத்துக்கே விளக்கம் தேவைப்பட்ட இடத்தில் மாணவர் குழம்புவது இயல்பு. ‘அன்டில்’ கூட இங்கே முழுசாகக் காப்பாற்றாது. ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளியன்று வேலைக்கு வருவாரா மாட்டாரா என்று ஆங்கிலேயருக்கே சந்தேகம் வரும். அதற்கு ஒரே வழி, திரும்பும் நாளை எழுதிவிடுவது: ‘ஐ வில் பி பேக் ஆன் மண்டே.’

‘பிஃபோர்’ பற்றி இன்னும் ஒன்று. ‘பிஃபோர் ஐ டிடின்ட் கம் டு சிங்கப்பூர்’ என்று அவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். மாண்டரினில் வருவதற்கு முன்னால் என்பதை ‘மெய் லாய் ஈச்சியன்’ என்றும் சொல்லலாம், வராததற்கு முன்னால் என்பது போல. அந்த ‘மெய்’ அப்படியே ‘டிடின்ட்’ ஆகிவிடுகிறது. ‘ட்சாய்’ வாக்கியத்தில் இல்லாத ‘நாட்’ சேர்க்க வேண்டும், இங்கே இருக்கும் ‘நாட்’ எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் சொன்னால் குழம்பிவிடுவார், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

இப்போது உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில தப்புகளில் தமிழும் சீனமும் ஒரே பக்கம் நிற்கின்றன. அவற்றை அவர் செய்யும்போது உங்கள் காதுக்குச் சரியாகவே படும். முதலாவது இடம். ‘ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்’ என்கிறோம், அவர்கள் ‘தாவ்’ போடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘அன்டில்’ பொதுவாக நேரத்துக்கு மட்டும்தான். ‘ஐ வாக்ட் டு தி ஸ்டேஷன்’ அல்லது ‘ஆஸ் ஃபார் ஆஸ் தி ஸ்டேஷன்’ என்றுதான் வரும். இரண்டாவது, ‘வில்’. ‘அவர் வரும் வரை’ என்பதில் நமக்கு எதிர்காலம் இருக்கிறது, அதனால் ‘அன்டில் ஹி வில் கம்’ நமக்கு உறுத்தாது. ‘அன்டில் ஹி கம்ஸ்’ என்பதே சரி.

மூன்றாவதுதான் பெரியது: ‘அன்டில் நவ்’. பள்ளியிலிருந்து இதுவரைக்கும் பதில் வரவில்லை என்கிறோம். சீனத்தில் ‘தாவ் சியன்ட்சாய் ஹாய் மெய்’, இந்த நேரம் வரை இன்னும் இல்லை. இரண்டையும் பெயர்த்தால் ‘அன்டில் நவ் தே ஹேவ் நாட் ரிப்ளைட்’ வரும். சிங்கப்பூரில் எல்லோரும் இப்படிப் பேசிக் கேட்டிருப்பீர்கள், எனக்கும் பழகிவிட்ட சத்தம்தான். ஆனால் மற்ற இடங்களில் ‘அன்டில் நவ்’ என்றால், இதுவரை அப்படி இருந்தது, இப்போது மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பதில் இப்போதுதான் வந்தது போலிருக்கிறது என்று நினைப்பார்கள். ‘தே ஸ்டில் ஹேவ்ன்ட் ரிப்ளைட்’ என்று எழுதச் சொல்லுங்கள். புகார்க் கடிதத்தில் இந்த ஒரு திருத்தம் நிறைய வேலை செய்யும்.

சிங்கப்பூர் என்பதால் இன்னொன்றும் அவர் காதில் விழும்: ‘ஈட் அன்டில் ஃபுல்’, ‘லாஃப் அன்டில் க்ரை’. அழும் அளவுக்குச் சிரிப்பது என்பதைச் சீன மொழிகளில் ‘தாவ்’ போன்ற சொற்களை வைத்துச் சொல்வார்கள், சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷ் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். காப்பிக்கடையில் அக்கம்பக்கத்தோடு பேச அது நல்ல மொழி, அவருக்கு ஊரோடு ஒட்ட உதவும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எழுதும்போது ‘லாஃப்ட் ஸோ ஹார்ட் தட் ஷி க்ரைட்’ என்று எழுத வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள். எந்த இடத்தில் எது என்று பிரித்துக்கொள்ள அவருக்குத் தெரியும், வீட்டில் ஊர்ப் பேச்சும் வெளியில் மாண்டரினும் பேசி வளர்ந்தவர்கள் சீனாவில் நிறையப் பேர்.

‘டில்’ பற்றியும் கேட்பார். ‘டில்’, ‘அன்டில்’ இரண்டும் ஒன்றே. ‘டில்’ என்பது ‘அன்டில்’ என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் ‘டில்’தான் பழையது. எழுத்து விடுபட்டதைக் காட்டும் அபாஸ்ட்ரஃபி குறி எதுவும் அதன் முன்னால் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கடிதத்தில் ‘அன்டில்’ எழுதச் சொல்லுங்கள்.