திருப்பூர் மச்சானுக்கு 40,000 வெள்ளி

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் இருக்கிறேன், வயது 41. கையில் 60,000 வெள்ளி சேமிப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மனைவியின் அண்ணன், 40,000 வெள்ளி போட்டால் லாபத்தில் பங்கு தருகிறேன் என்கிறார். தேர்தல், போர் என்று தினமும் வரும் செய்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிலைமை சரியாகும்வரை காத்திருக்கலாமா?

பதில்: தேர்தல் செய்தியில் பாதி வெறும் சத்தம். 2024 ஜூன் 4 அன்று பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 240 இடங்கள்தான் என்று தெரிந்ததும் மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 5 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அந்த வாரம் முடிவதற்குள் விழுந்ததையெல்லாம் மீட்டுவிட்டது. பதறி விற்றவர்களுக்குத்தான் நட்டம்.

மச்சானின் கம்பெனி கதை வேறு. 2022-ல் உக்ரேன் போர் தொடங்கியபின் இந்தியா மலிவு விலையில் ரஷ்ய எண்ணெயை வாங்கிக் குவித்தது. 2024 நவம்பர் அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார். 2025 ஆகஸ்டில் அந்த எண்ணெயைக் காரணம் காட்டியே கூடுதலாக 25 விழுக்காடு போட்டு, இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான அமெரிக்க இறக்குமதி வரியை 50-க்கு ஏற்றிவிட்டார். எண்ணெய் வாங்கியதற்கும் டி-ஷர்ட் தைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இப்படிப்பட்ட வரி இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும். ஒப்பந்தம் இருந்தாலும் நம்ப முடியாது. சிங்கப்பூருக்கு 2004 முதல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உண்டு. 2025 ஏப்ரலில் நமக்கும் 10 விழுக்காடு வரி விழுந்தது. அதனால் நிலைமை சரியாகட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மச்சானிடம் நேராகக் கேளுங்கள்: ஆர்டரில் எவ்வளவு அமெரிக்காவுக்குப் போகிறது? சரக்கு போய் எத்தனை நாளில் பணம் வருகிறது? நூல்காரருக்கு பாக்கி எவ்வளவு? உள்நாட்டு ஆர்டரே பாதிக்கு மேல் என்றால் மேலே பேசலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம் மாப்ளே” என்றால், ஊரில் மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

சரி, கணக்கு பதில் திருப்தி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 40,000 வேண்டாம், 15,000 போதும். முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத தொகை அதுதான். மிச்சத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதம் இல்லாமல் முதலைத் திரும்ப எடுக்கலாம். மச்சானுக்குக் கொடுப்பது கடனா, பங்கா என்பது எழுத்தில் இருக்கட்டும். சொந்த அண்ணனிடமே பத்திரம் கேட்பதா என்று வீட்டில் முகம் சுளித்தால், என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.